பொட்டாஷ் போட்டும் இலை கருகுதா? மலைநாட்டுத் தோட்டங்களில் பிழை பிடிக்கும் வழி

"இலை ஓரமெல்லாம் கருகுதுங்க, இன்னும் கொஞ்சம் பொட்டாஷ் அள்ளிப் போடட்டுங்களா?" இலங்கை மலைநாட்டில் கந்தப்பளை, இராகலை, வெலிமடைப் பக்கம் மரக்கறித் தோட்டம் செய்பவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான். பெரும்பாலும் என் பதில், "பொறுங்க, முதல்ல இலையைப் பார்ப்போம்." பொட்டாசியம் குறைந்தாலும் இலை ஓரம் கருகும், உரம் கூடிப் போனாலும் கருகும், பயிருக்கு ஒவ்வாத வகைப் பொட்டாஷைப் போட்டாலும் கருகும். மூன்றுக்கும் செய்ய வேண்டியது வெவ்வேறு. பார்க்காமல் அள்ளிப் போட்ட பொட்டாஷால் நல்ல பாத்திகள் கெட்டதைப் பலமுறை பார்த்துவிட்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

உங்கள் பயிரில் தெரியும் அறிகுறிக்கு நேரே போங்கள். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில், செலவு கூடியது கடைசியில்.

முதலில்: மூட்டையில் இருப்பது எது?

எல்லாவற்றையும் பொட்டாஷ் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். மூட்டையைத் திருப்பிப் பெயரைப் படியுங்கள்.

எம்ஓபி என்பது பொட்டாசியம் குளோரைட்டு. சிவப்பாகவோ வெள்ளையாகவோ வரும், பொட்டாசியம் ஒக்சைட்டுக் கணக்கில் 60 வீதம், விலை குறைவு. அதன் எடையில் பாதிக்குச் சற்றுக் குறைவானது குளோரைட்டு என்பதை மறக்கக் கூடாது. எஸ்ஓபி என்பது பொட்டாசியம் சல்பேற்று. அதே கணக்கில் 50 வீதம், கூடவே கந்தகமும் உண்டு, விலை அதிகம். 13-0-46 என்று எழுதியிருந்தால் பொட்டாசியம் நைத்திரேற்று. 0-52-34 என்றிருந்தால் எம்கேபி, அதாவது மொனோ பொட்டாசியம் பொஸ்பேற்று. இவை இரண்டும் தண்ணீரில் கரைத்துப் பயிருக்கு விடும் உரங்கள். விறகு அடுப்புச் சாம்பலிலும் பொட்டாசியம் இருக்கிறது, பெரும்பாலும் பொட்டாசியம் காபனேற்றாக. அது மண்ணின் புளிப்பையும் குறைத்துவிடும்.

மூட்டையில் பெயரே இல்லை என்றால் "மூட்டை கட்டியாகிவிட்டது அல்லது சரக்கில் சந்தேகம்" என்ற பகுதிக்குப் போங்கள்.

அறிகுறி: இலை ஓரம் கருகுகிறது

ஒரு செடியைப் பிடித்து அடியிலிருந்து நுனிவரை பாருங்கள். எந்த இலை கருகியிருக்கிறது, எப்போது தொடங்கியது என்ற இரண்டு கேள்விகளிலேயே முக்கால்வாசி வேலை முடிந்துவிடும்.

*ஒரே இரவில் கருகியதா?*

நுவரெலியாவைச் சுற்றி ஜனவரி, பெப்ரவரியில் வானம் தெளிந்து காற்றில்லாத இரவென்றால் முதலில் உறைபனியை நினையுங்கள். பள்ளத்தில் இருக்கும் பாத்தி கருகியிருக்கும், மேட்டுப் பாத்தி தப்பியிருக்கும். வெளிப்புற இலைகள் வெந்தது போலக் கறுத்துத் தொங்கும். இதற்கு எந்த உரமும் மருந்தல்ல. புதுத் துளிர் வரும்வரை விட்டுவிடுங்கள். பனிக்கால இரவுகளில் பாத்தியை மூடி வைப்பது மட்டுமே வழி.

*உரம் போட்ட சில நாட்களில், அடி இலை நடு இலை என்று பாராமல் கருகியதா?*

இது உப்புச் சூடு. பெரும்பாலும் எம்ஓபியைத் தண்டை ஒட்டிப் போட்டிருப்பார்கள், அல்லது பனி ஈரம் காயாத காலையில் இலை மேலேயே தூவியிருப்பார்கள். தண்டைச் சுற்றி விரலால் கிளறுங்கள். கரையாத சிவப்புக் குருணை அங்கேயே கிடந்தால் சந்தேகமே வேண்டாம். குருணையை அள்ளி எடுத்துவிட்டு, பாத்தி ஊறி வடியும் அளவுக்கு இரண்டு மூன்று நாள் நல்ல தண்ணீர் விடுங்கள். சரிவான நிலத்தில் ஒரேயடியாக ஊற்றினால் மண்தான் கீழே போகும், ஆகவே கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். அடுத்த தடவை தண்டிலிருந்து நான்கு விரற்கடையாவது தள்ளிக் கீறிப் போட்டு மண்ணால் மூடுங்கள்.

ஸ்ட்ரோபெரி, போஞ்சி, சலாது போன்றவை குளோரைட்டைத் தாங்காதவை. சரியான அளவில் போட்டும் இவற்றில் ஓரம் கருகினால் எம்ஓபியை நிறுத்தி எஸ்ஓபிக்கு மாறுங்கள். விலை உறுத்தும்தான், ஆனால் ஸ்ட்ரோபெரிக்கு எம்ஓபி போட்டு மிச்சம் பிடித்த காசு பழத்தில் போய்விடும். உருளைக்கிழங்குக்கு எம்ஓபி ஆகாது என்று சொல்லமாட்டேன். அது அளவுக்கு மிஞ்சினால் கிழங்கில் மாச்சத்துக் குறைந்து நீர்த்தன்மை கூடும். பொரிப்பதற்கு வாங்குகிறவர்களிடம் அந்தக் கிழங்குக்கு மதிப்பில்லை.

*அடி இலைகள் மட்டும், வாரக் கணக்கில் மெல்ல மெல்லக் கருகுகிறதா?*

இதுதான் உண்மையான பொட்டாசியக் குறைவு. மேலே துளிர் நன்றாக இருக்கும். கீழே முதிர்ந்த இலையின் ஓரம் மஞ்சளாகி, பிறகு பழுப்பாகி உள்நோக்கி நகரும். உருளைக்கிழங்கில் அதற்கு முன்பே இலை கரும்பச்சையாகிச் சுருங்கி, வெண்கல நிறம் தட்டும்.

முதலில் மழைக் கணக்கைப் பாருங்கள். எம்ஓபி தண்ணீரில் எளிதாகக் கரையும். அட்டன், மஸ்கெலியாப் பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டும்போது முழு அளவையும் ஒரே தடவையில் போட்டால் அதில் ஒரு பங்கு ஓடையோடு போய்விடும். வெலிமடை, பண்டாரவளைப் பக்கம் இதே கதை ஒக்டோபருக்குப் பிறகு. அதே மொத்த அளவை இரண்டு மூன்று மேற்கட்டு உரமாகப் பிரித்துப் போட்டாலே பலருக்குப் பிரச்சினை தீர்ந்திருக்கிறது. ஒரு ரூபாய்கூடக் கூடுதல் செலவில்லை.

அவசரத்துக்கு 10 லீற்றர் தண்ணீருக்கு 100 கிராம் பொட்டாசியம் நைத்திரேற்றைக் கரைத்து மாலையில் இலையில் அடிக்கலாம். இளம் பயிரென்றால் பாதி அளவு. முதல் நாள் ஒரு பாத்தி ஓரத்தில் நாலு செடிக்கு அடித்துப் பார்த்துவிட்டு மற்றதற்குப் போங்கள். ஏற்கெனவே கருகிய ஓரம் பச்சையாகாது. புதிதாகக் கருகுவது நின்றால் மருந்து வேலை செய்துவிட்டது என்று அர்த்தம்.

பிரித்துப் போட்டும், இலையில் அடித்தும் அடுத்த போகத்திலும் அதே கருகல் வந்தால் மண்ணைச் சோதிக்கத்தான் வேண்டும். நிலத்தில் பல இடங்களில் 15 சென்ரிமீற்றர் ஆழம்வரை மண் எடுத்துக் கலந்து, அரைக் கிலோவை விவசாயப் போதனாசிரியரிடம் கொடுங்கள். அண்மையில் உரம் போட்ட இடத்து மண்ணை எடுத்தால் முடிவு பொய் சொல்லும்.

*இளம் இலைகளின் நுனி மட்டும் கருகுகிறதா?*

சலாதிலும் கோவாவிலும் உள்ளிலை ஓரம் இப்படிக் கருகும். இது கல்சியக் குறைவு. இங்கே பொட்டாஷ் போட்டால் நிலைமை மோசமாகும், ஏனென்றால் பொட்டாசியம் கூடக் கூடச் செடி கல்சியத்தை எடுப்பது குறையும். பொட்டாஷை நிறுத்திவிட்டு, காய்ச்சல் பாய்ச்சல் இல்லாமல் ஈரத்தைச் சீராக வைத்திருங்கள்.

*ஓரத்தில் நீர் கோத்த கறுப்புத் திட்டா?*

உருளைக்கிழங்கிலோ தக்காளியிலோ, மூடுபனி விலகாத நாட்களில், கறுப்புத் திட்டின் அடிப்புறத்தில் காலையில் வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் அது பிளைட் என்கிற வெளிறல் நோய். சந்தேகமென்றால் ஒரு இலையை நனைத்த தாளோடு பொலித்தீன் பையில் கட்டி ஓர் இரவு வையுங்கள். வெள்ளை பூத்தால் நோய். இந்த ஒரு நிலையில் மட்டும் சோதித்துச் சோதித்து நாள் கடத்த வேண்டாம். அன்றே போதனாசிரியரை அழையுங்கள், அல்லது விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்குப் பேசுங்கள். ஒரு வாரம் தவறினால் பாத்தியே மிஞ்சாது, பக்கத்துத் தோட்டக்காரருக்கும் நட்டம்.

அறிகுறி: அடி இலையில் நரம்பு பச்சை, இடையெல்லாம் மஞ்சள்

இது மக்னீசியக் குறைவு. மலைநாட்டுப் புளிப்பு மண்ணில் மக்னீசியம் முன்பே குறைவு. அதன் மேல் வருடா வருடம் பொட்டாஷ் கூடினால் செடிக்குக் கிடைக்கிற கொஞ்சமும் கிடைக்காது. போன போகத்தில் எவ்வளவு எம்ஓபி போட்டீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். சிபாரிசுக்கு மேலென்றால் இந்தப் போகம் குறையுங்கள். எப்சம் உப்பை, அதாவது மக்னீசியம் சல்பேற்றை, 10 லீற்றருக்கு 100 கிராம் வீதம் இலையில் அடித்தால் விரைவில் தெரியும். நிரந்தரத்துக்கு டொலமைட் என்கிற மக்னீசியம் கலந்த சுண்ணாம்புக் கல் தூள். அது கரைந்து வேலை செய்ய மாதங்கள் ஆகும் என்பதால் நடுவதற்கு வெகு முன்பே மண்ணில் கலந்துவிடுங்கள்.

அறிகுறி: தக்காளி, குடைமிளகாயின் அடிப்பகுதி கறுத்துக் குழிகிறது

"காய் பருக்கப் பொட்டாஷ்" என்று அதிகம் கொடுத்த பொலித்தீன் கூடாரங்களில் இது வழக்கம். நோயென்று நினைத்துப் பூஞ்சை மருந்து அடிப்பவர்களும் உண்டு, வீண் செலவு. காயில் கல்சியம் போதாததுதான் காரணம்.

முதலில் தண்ணீர். ஒரு நாள் வெள்ளம், இரு நாள் வறட்சி என்றிருந்தால் அதைத் திருத்துங்கள், அதிலேயே நின்றுவிடலாம். அடுத்து உரக் கணக்கு: அல்பேட் என்கிற கரையும் கலப்பு உரத்துக்கு மேல் தனியாகப் பொட்டாசியம் நைத்திரேற்றோ எம்கேபியோ சேர்க்கிறீர்களா? சேர்த்தால் நிறுத்துங்கள். மூன்றாவது, தும்புத்தூள் பை. புதுத் தென்னந் தும்புத்தூளில் பொட்டாசியமும் உப்பும் இயல்பாகவே நிறைய உண்டு. கழுவாமல் நட்டால் முதல் மாதங்களில் செடி கல்சியத்துக்குத் தவிக்கும். நடுவதற்கு முன் நல்ல தண்ணீரிலும், பிறகு கல்சியம் நைத்திரேற்றுக் கரைசலிலும் ஊறவைத்துக் கழுவியிருக்க வேண்டும். நட்ட பிறகு தெரியவந்தால் ஒவ்வொரு பையிலும் நீர் வடிந்தோடும்படி விட்டுக் கழுவுங்கள்.

இதற்கும் மேலென்றால் மின்கடத்துதிறன் மானி ஒன்று வாங்க வேண்டும். உள்ளே விடும் கரைசலையும் பையிலிருந்து வடிவதையும் அளந்து பாருங்கள். வடியும் நீரின் அளவீடு ஒன்றரை மடங்கைத் தாண்டினால் பையில் உப்புச் சேர்கிறது. கூடாரம் வைத்திருப்பவர்கள் மருந்துக்குக் கொடுக்கும் காசில் முதலில் இதை வாங்கச் சொல்வேன்.

அறிகுறி: கரைசல் தொட்டியின் அடியில் காலையில் பளிங்கு

நேற்று மாலை தெளிவாகக் கரைந்த உரம் விடியும்போது ஊசி ஊசியாக அடியில் நிற்கும். உரம் கெட்டதென்று கடைக்காரரோடு சண்டைக்குப் போக வேண்டாம். குளிர்தான் காரணம்.

பொட்டாசியம் நைத்திரேற்று 100 லீற்றர் தண்ணீரில் 20 பாகையில் 31 கிலோ அளவுக்குக் கரையும். 10 பாகையில் ஏறத்தாழ 21 கிலோதான், 0 பாகையில் 13 கிலோ. கொழும்புப் பக்கம் எழுதிக் கொடுத்த அளவை வைத்துக்கொண்டு நுவரெலியாவில் கரைத்தால் இரவில் மிச்சம் படியத்தான் செய்யும். எஸ்ஓபி அதைவிடக் கஷ்டம். 20 பாகையிலேயே 11 கிலோதான். இரண்டையும் ஒரே தொட்டியில் போட்டால் ஒன்றையொன்று இன்னும் குறைக்கும்.

செய்ய வேண்டியது: படிந்ததைக் கொட்டாதீர்கள், அது நல்ல உரம். ஒரு வாளி சுடுநீர் ஊற்றிக் கலக்கினால் கரையும். தொடர்ந்து தவிர்க்க, 100 லீற்றருக்கு நைத்திரேற்று 10 கிலோவுக்கு மேலும் எஸ்ஓபி 6 கிலோவுக்கு மேலும் போகாதீர்கள். தொட்டியைக் கூடாரத்துக்குள் வையுங்கள். இந்த உப்புகள் கரையும்போது தண்ணீரின் சூட்டை இழுத்துக்கொள்ளும், வாளியைத் தொட்டாலே சில்லென்றிருக்கும். அதனால் விடிகாலைக் குளிர்நீரில் கரைக்காமல் வெயில் ஏறிய பிறகு கரைப்பது சுலபம்.

அறிகுறி: கரைசல் பால் போலக் கலங்குகிறது, சொட்டுக் குழாய் அடைக்கிறது

*வெள்ளைக் கலங்கல்.* கல்சியம் நைத்திரேற்றையும் எஸ்ஓபியையும் அடர்த்தியாக ஒன்றாக ஊற்றியிருப்பீர்கள். கல்சியமும் சல்பேற்றும் சேர்ந்தால் ஜிப்சம் படியும். எம்கேபியோடு சேர்த்தால் கல்சியம் பொஸ்பேற்று. முந்தைய பளிங்கு போல இது சுடுநீரில் கரையாது. அந்தத் தொட்டியைச் சொட்டுக் குழாயில் விடவே வேண்டாம். தெளிவை வாளியால் எடுத்து வெளிப் பாத்திக்கு ஊற்றிவிட்டு, தொட்டியையும் வடிகட்டியையும் கழுவுங்கள். இனி இரண்டு தொட்டி: ஒன்றில் கல்சியம் நைத்திரேற்று, மற்றதில் எஸ்ஓபி, எம்கேபி, எப்சம் உப்பு. பொட்டாசியம் நைத்திரேற்று எதிலும் சேரும். புதுக் கலவை எதுவானாலும், தொட்டிக்குள் போடும் அதே செறிவில் ஒரு கண்ணாடிப் போத்தலில் கலந்து அரை மணி நேரம் வைத்துப் பார்த்த பிறகே தொட்டிக்குப் போகட்டும்.

*சிவந்த சேறு.* சிவப்பு எம்ஓபியைச் சொட்டுநீரில் விட்டிருக்கிறீர்கள். அந்தச் சிவப்பு இரும்பு ஒக்சைட்டு, கரையாது. சிவப்பு எம்ஓபி மண்ணுக்கு நல்லது, குழாய்க்கு அல்ல.

*மண் கலங்கல்.* மழைக் காலத்தில் பீலித் தண்ணீரும் ஓடைத் தண்ணீரும் சிவந்து வரும். அதைத் தெளிய வைக்கப் போடும் படிகாரமும் ஒரு பொட்டாசியச் சேர்மம்தான். படிகாரம் போட்டும் தெளியவில்லை என்றால் அளவைக் கூட்டிக்கொண்டே போகாதீர்கள். மலைத் தண்ணீர் மென்மையானது, படிகாரம் திரள்வதற்கு வேண்டிய காரத்தன்மை அதில் குறைவு. ஒரு சிட்டிகை சுண்ணாம்பைக் கலந்து, கிளறி, அசையாமல் வைத்தால் திரண்டு அடியில் இறங்கும். ஒரு வாளியில் முயன்று பார்த்துவிட்டுத் தொட்டிக்குச் செய்யுங்கள்.

குழாய் முழுதும் அடைத்துவிட்டால் அமிலம் விட்டுக் கழுவுவார்கள். அதைச் சொட்டுநீர் பொருத்தும் ஆளிடமே விடுங்கள்.

அறிகுறி: மூட்டை கட்டியாகிவிட்டது அல்லது சரக்கில் சந்தேகம்

கட்டியானது கெட்டதில்லை. எம்ஓபி நம்முடைய மூடுபனி ஈரத்தை இழுத்துக் கல்லாகும், ஆனால் சத்து அப்படியே இருக்கும். உடைத்துப் போடலாம். யூரியாவோடு கலந்து வைத்தது என்றால் ஈரம் இன்னும் வேகமாக ஏறிக் கூழாகும். போடும் நாளில் மட்டும் கலவுங்கள். மூட்டையைத் தரையில் வைக்காமல் பலகை மேல், தகரச் சுவரில் படாமல் வையுங்கள். குளோரைட்டு தகரத்தை அரித்துவிடும்.

சந்தேகம் வேறு விஷயம். 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி நிறுத்தப்பட்டு, நவம்பரில் அந்தத் தடை நீங்கிய பிறகு விலை ஏறிய காலத்தில், பல கை மாறிய பெயரில்லா மூட்டைகளைப் பலர் வாங்கினார்கள். இன்றும் அப்படி ஒன்று கையில் வந்தால் இதைச் செய்யுங்கள்: ஒரு கண்ணாடிக் கோப்பைத் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி போட்டுக் கலக்குங்கள். எம்ஓபி என்றால் கோப்பை நன்றாகக் குளிரும், உப்பு கரைந்துவிடும், மெல்லிய சிவப்புத் தூசி மட்டும் நிற்கும். அடியில் கனமாக மணலோ செங்கல் தூளோ தங்கினால் கலப்படம். குளிரே தெரியாமல் கரைந்தால் கறியுப்பாக இருக்கலாம். யூரியாவும் இப்படிக் குளிரும் என்பதால் குளிர்ந்தது என்பதை மட்டும் வைத்து எம்ஓபி என்று முடிவுகட்ட வேண்டாம்.

கலப்படம் என்று தோன்றினால் மூட்டை, பற்றுச்சீட்டு, ஒரு கைப்பிடி மாதிரி மூன்றையும் எடுத்துக்கொண்டு கமநல சேவை நிலையத்துக்குப் போங்கள். உரத்தின் தரத்தை ஒழுங்குபடுத்த 1988 ஆம் ஆண்டின் 68 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. அதை நடைமுறைப்படுத்துவது தேசிய உரச் செயலகம். முறைப்பாடு செய்வதில் தயங்க வேண்டாம்.

அறிகுறி: உருளைக்கிழங்குத் தோலில் சொறி

லயத்துத் தோட்டங்களில் பார்ப்பது. அடுப்புச் சாம்பலை வாரந்தோறும் ஒரே மூலையில் கொட்டி, பிறகு அங்கேயே கிழங்கு நட்டிருப்பார்கள். சாம்பல் மண்ணின் புளிப்பைக் குறைக்கும், புளிப்புக் குறைந்த மண்ணில் சொறி நோய் கூடும். அந்த மூலையில் இரண்டு மூன்று போகம் கோவா, போஞ்சி என்று மாற்றுங்கள். சாம்பலை நிலம் முழுக்க மெல்லியதாகப் பரப்புங்கள். யூரியா போட்ட கையோடு சாம்பல் போட்டால் யூரியாவின் தழைச்சத்து அமோனியாவாகப் பறந்துவிடும். தேயிலைச் செடியடியில் சாம்பல் கொட்டவே கூடாது, அது புளிப்பு மண்ணில் வாழும் செடி.

அறிகுறி: கவ்வாத்துக்குப் பிறகு தேயிலை துளிர்க்கவில்லை

சிறு தேயிலைத் தோட்டக்காரர்களுக்கு இது வயிற்றைக் கலக்கும் விஷயம். கவ்வாத்து வெட்டிய செடி, வேரில் சேர்த்து வைத்த மாப்பொருளை வைத்துத்தான் மறுபடி துளிர்க்கிறது. பொட்டாசியம் குறைந்த செடியில் அந்தச் சேமிப்பும் குறைவு, வாதுகளும் மெலிவு.

வெட்டியாகிவிட்டது என்றால் முதலில் வறட்சியைப் பாருங்கள், மண் காய்ந்திருந்தால் மழைவரை பொறுங்கள். வெட்டிய செடியடியில் பொட்டாஷ் குவிக்காதீர்கள், துளிர் வந்த பிறகுதான் வேர் உரம் எடுக்கும். அடுத்து, பட்டையைச் சீவிப் பச்சை இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் செடி உயிரோடுதான் இருக்கிறது.

இனி வெட்டப் போகிறவர்களுக்கு ஒரு எளிய சோதனை உண்டு. பென்சில் தடிப்புள்ள வேரைக் குறுக்கே வெட்டி, பாடசாலையில் மாப்பொருளைச் சோதிக்கும் அயடீன் கரைசலில் ஒரு துளி விடுங்கள்.  வெட்டுமுகம் கருநீலமானால் சேமிப்பு உண்டு, வெட்டலாம். மஞ்சள் பழுப்பாகவே நின்றால் கொழுந்து பறிப்பதை நிறுத்திச் செடியை ஓய்வெடுக்க விடுங்கள்.

செடிகள் வட்டம் வட்டமாகச் செத்துக்கொண்டு வந்தால் அது வேர்நோயாக இருக்கலாம். அங்கே உரம் எதுவும் உதவாது. தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் ஆலோசனை அலுவலரைக் கூப்பிடுங்கள்.

உரம் வைக்கும் அறையில்

பொட்டாசியம் நைத்திரேற்று தானாக எரியாது, ஆனால் எரிகிற எதையும் பலமடங்கு எரிய வைக்கும். கந்தகத் தூள், டீசல், மரத்தூள், சீனி ஆகியவற்றின் பக்கத்தில் வைக்காதீர்கள். அந்த அறையில் பீடி சிகரட் வேண்டாம். கிருமி நீக்கப் பயன்படும் கொண்டிஸ் என்கிற பொட்டாசியம் பரமங்கனேற்றுக்கும் இதே விதி, அதைக் கிளிசரின் பக்கத்தில்கூட வைக்கக் கூடாது. கொண்டிஸ் கரைசல் ஊதாவிலிருந்து பழுப்பாகிவிட்டால் அதன் வேலை முடிந்தது, புதிதாகக் கரையுங்கள். குருணையைக் கையால் தொடாதீர்கள். கண்ணில் பட்டால் ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிக்கொண்டே 1990 அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.